நடிகர் எழுதிய தன்வரலாறு

ஓவியன் மறைந்த பின்னரும் ஓவியம் நிற்கும். மேடை நடிகனின் கலையோ, திரை விழுந்த அக்கணமே, கண்டார் நெஞ்சிலன்றிப் பிறிதோரிடத்தும் இல்லாது ஒழிகின்றது. ஆதலின், நாம் விரும்பும் நடிகர் ஒருவர் தம் வாழ்வைத் தாமே எழுதுவாராயின், அந்நூல் அன்பர்க்கு விருந்தாவதோடு அக்கலைக்குச் சான்றாகவும் அமையும். அவ்வை தி. க. சண்முகம் அவர்கள் 1972-இல் வெளியிட்ட ‘எனது நாடக வாழ்க்கை’ அத்தகைய நூல்.

1912-இல் பிறந்த சண்முகம், 1918-இல், ஆறு வயதுச் சிறுவராய், மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிற் சேர்ந்தார். பால சபை என்பது சிறுவர்களே வேடம் புனைந்து நடிக்கும் கம்பெனியாகும். அரசனும் சிறுவன், அரசியும் சிறுவன், மகனை இழந்து புலம்பும் தாயும் சிறுவனே. ஊர் ஊராய்ப் பெயர்ந்து செல்லும் அக்கம்பெனியே அவர்களுக்குப் பள்ளிக்கூடமும் ஆயிற்று. நம் போன்றோர் துயிலும் நேரத்தில் அவர்கள் பாடம் ஒப்புவித்தனர் எனலாம்.

இந்நூலில் எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த பகுதி நூலாசிரியரைப் பற்றியதன்று. அவருடைய ஆசிரியரைப் பற்றியது. சிறுவன் சண்முகம் தலைமை வேடம் தாங்குதற்பொருட்டு, ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைப் பாடலும் உரையாடலுமாக ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்தார் என்று அவர் கூறுகின்றார். எத்துணையோ பாடல்களைச் சிறுவர் நாவிற் பொருத்திய அப்பெருமகனாரின் நா, பின்னர் வாதநோயால் அடங்கிப்போயிற்று. 1922-இல் புதுச்சேரியில் அவர் மறைந்தார். தம் புகழைப் பேசுமிடங்களிலும் இப்பக்கங்களில் சண்முகத்தின் எழுத்து மிக உயர்ந்து நிற்கின்றது.

ஆயினும், இச்சான்றினை ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். கண்டவர் பத்து வயதுச் சிறுவர்; எழுதியவர் அறுபதை எட்டியவர். இடையே அரை நூற்றாண்டும், குருவிடத்து வைத்த பேரன்பும் நிற்கின்றன. ஆதலால் இதனோடு பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’ என்னும் நூலையும் அருகில் வைத்துப் பயிலுதல் நன்று. முதலியார் வழக்கறிஞர், 1891-இல் தோன்றிய சுகுண விலாச சபையில், ஊதியம் கருதாது நடித்தவர். நாடகமே சோறாக வாழ்ந்த சிறுவரின் உலகு வேறு. மாலைப் பொழுதின் இன்பமாக அதனைக் கொண்ட கற்றோர் உலகு வேறு. எனினும் முதலியாரின் ‘மனோகரா’ அச்சிறுவர் மேடையிலும் ஏறியது என்பதை மறத்தலாகாது.

சண்முகத்துக்குப் பெயரீந்த வேடம் அவ்வையார். முப்பது வயதினையொட்டிய ஆடவர் ஒருவர் தமிழ் மூதாட்டியாய் மேடையில் நடந்த அக்காட்சியை இன்று நாம் காணற்கில்லை. 1953-இல் வெளிவந்த ‘ஔவையார்’ திரைப்படத்தில் அவ்வேடம் தாங்கியவர் கே. பி. சுந்தராம்பாள். 1961-இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில், சுப்பிரமணிய சிவாவாகச் சண்முகத்தின் முகத்தையும் குரலையும் அறியலாம். அவருடைய அவ்வையை அறிய விழைவோர் இந்நூலின் பக்கங்களையே நாடவேண்டும்.