தம் பல்கலைக்கழகமே ஆய்வுக்களம்

இளநிலை மாணவர்க்கு ஆய்வு கற்பிக்கும் முறையில் நெடுநாளாக ஒரு குறை உண்டு. விடை முன்னரே தெரிந்த வினாக்களையே அவர்கள் மீண்டும் ஆராய்கின்றனர்; தவறினாலும் மதிப்பெண் அன்றி வேறு இழப்பில்லை. பயிலும் பல்கலைக்கழகமே ஆய்வுப்பொருளாகும்போது இந்நிலை மாறுகிறது.

2007ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர் ஸ்வென் பெக்கர்ட் நான்கு இளநிலை மாணவருடன் ஒரு கருத்தரங்க வகுப்பைத் தொடங்கினார். ஹார்வர்டுக்கும் அடிமைமுறைக்கும் இருந்த தொடர்பு யாது என்பதே வினா. அடிமைமுறை தென்மாநிலங்களுக்கே உரியது என்னும் எண்ணம் வேரூன்றிய வடபுலத்தில் இஃது எளிய வினாவன்று. ஆவணங்களில் அடிமைப்பட்டோர் தாமாகப் பேசுவதில்லை. பிறர் உடைமையாக, பெரும்பாலும் ஒற்றைப் பெயராக மட்டுமே தோன்றுகின்றனர். அம்மௌனத்தைப் படிக்கக் கற்பதே இவ்வகுப்பின் உண்மையான பாடம் எனலாம்.

மாணவர் கண்டவை 2011இல் சிறுநூலாயின. 2016இல், பல்கலைக்கழகத் தலைவர்களின் இல்லத்தில் அடிமைகளாக உழைத்த டைட்டஸ், வீனஸ், பில்ஹா, ஜூபா ஆகிய நால்வரின் பெயர்கள் வாட்ஸ்வொர்த் இல்லத்தில் பொறிக்கப்பட்டன. 2022இல் வெளியான அதிகாரப்பூர்வ அறிக்கை, ஹார்வர்டின் தலைவர், ஆசிரியர், பணியாளரால் அடிமைப்படுத்தப்பட்டோர் எழுபதுக்கும் மேற்பட்டோர் என உரைத்தது. 10 கோடி டாலரும் ஒதுக்கப்பட்டது. நிருவாகம் இவ்விடத்தை அடைய, வகுப்பறை தொடங்கியதிலிருந்து 15 ஆண்டுகள் ஆயின.

நிகழ்காலத்தை ஆராய்வதில் சிக்கல் வேறு. இல்லினாய் பல்கலைக்கழக மானிடவியலாளர் நான்சி ஏபல்மன், வில்லியம் கெல்லெஹர் ஆகியோர் தொடங்கிய இனவரைவியல் முயற்சியில் மாணவர் தம் உடன்பயில்வோரையே நேர்கண்டனர். தகவலாளியின் ஒப்புதல், அடையாள மறைப்பு ஆகியவை அங்கே ஏட்டறிவாக நிற்கவில்லை. அடுத்த நாள் அதே முகத்தைக் காண வேண்டுமே! மாணவர் இசைவுடன் அவர்தம் ஆய்வுகள் பல்கலைக்கழக மின்களஞ்சியத்தில் சேர்க்கப்பட்டதால், பின்வந்தோர் முந்தையோர் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. ஆயினும் ஆவணம் காப்பதும், ஆராயப்படுவதும், மதிப்பெண் இடுவதும் ஒரே நிறுவனம் என்னும் முரண் தீர்ந்தபாடில்லை.

யேல் பல்கலைக்கழகத்தின் அடிமைமுறைத் தொடர்பை 2001இல் அறிக்கையாக வெளியிட்டோரும் அங்குப் பயின்ற முனைவர் பட்ட மாணவர் மூவரே. அப்பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிகு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். அவர் செல்வத்தின் தோற்றுவாயைத் தேடும் மாணவர் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் கோட்டைப் பதிவுகளையும் புரட்ட வேண்டியவராகிறார்.