தறிக்குழியை விட்டு எழுந்ததும்

கலசப்பாக்கம், ஆரணி வட்டாரத்தில் பட்டு நெய்யும் வீட்டுக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். சாப்பாட்டு நேரத்தில் எழும் பெரியவர் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, குழித்தறியிலிருந்து கால்களை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார். உடனே நிமிர முடியாது. இடுப்பில் கைவைத்து நாலு எட்டு நடந்த பிறகுதான் முதுகு நேராகும்.

கால் மிதியிலும் கண் பாவு இழையிலும் இருக்க, முதுகு மணிக்கணக்கில் முன்னால் வளைந்தே கிடக்கிறது. வருஷக்கணக்கில் இப்படி உட்கார்ந்தால் சில தசைகள் இறுகிவிடும், சில வலுவிழந்துவிடும். மாத்திரை அன்றைய வலியை அடக்கும், தசைக்கு வலுவைத் தராது. யோகா கைகொடுப்பது அங்கேதான். பாஸ்டனில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 320 பேரிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. 12 வாரம் யோகா செய்தவர்களுக்குக் கிடைத்த பலன் பிசியோதெரபிக்குக் குறைந்ததாக இல்லை.

ஆனால் எந்த ஆசனம் என்பது முக்கியம். 1976-ல் டி.கே.வி. தேசிகாச்சார் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம், ஆளைப் பார்த்துப் பயிற்சி தருவதையே முறையாக வைத்திருக்கிறது. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. நாள் முழுக்கக் குனிந்தவருக்கு மேலும் குனியும் ஆசனம் எதற்கு? அவருக்குப் பொருந்துவது புஜங்காசனம். குப்புறப் படுத்து, தொப்புள் தரையில் இருக்க, மூச்சை இழுத்தபடி நெஞ்சை மட்டும் மெல்லத் தூக்கவேண்டும். மூச்சை விட்டபடி இறங்கவேண்டும். நாலைந்து முறை போதும். வலி காலுக்கு இறங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முதுகு வலிக்கு அப்பாலும் யோகா உதவும். ரத்த அழுத்தக்காரர்களுக்கு நிதானமான மூச்சுப்பயிற்சி படபடப்பைத் தணித்து அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு, வேலை செய்யும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்வதால் பலன் உண்டு. இந்த நோய்களை யோகா அடியோடு போக்காது. "யோகா செய்யறேன், மாத்திரையை விட்டுட்டேன்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் தயவுசெய்து தடுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் எடுக்கவேண்டிய முடிவு. கட்டுப்படாத ரத்த அழுத்தமோ, கண்ணில் நீர் அழுத்த நோயோ இருந்தால் சிரசாசனம் போன்ற தலைகீழ் ஆசனங்கள் கூடவே கூடாது.

கைப்பேசியில் பார்த்துத் தொடங்காதீர்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. அடுத்த முறை திருவண்ணாமலை போகும்போது அங்குள்ள அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். தறியில் எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டாலோ யோகாவுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.