கணினிகள் பொறுமை கற்ற கதை



தொலைவில் இருக்கும் நண்பருக்கு நாம் ஒரு கடிதம் எழுதுகிறோம். பதில் வரவில்லை. கடிதம் தொலைந்துபோயிற்று என்று எண்ணி அதையே மீண்டும் எழுதி அனுப்புகிறோம். அதற்கும் பதில் இல்லை, மறுபடியும் அனுப்புகிறோம். ஊரில் உள்ள எல்லாரும் இப்படியே செய்தால் அஞ்சல் நிலையத்தின் கதி என்னவாகும்? பழைய கடிதத்தின் படிகளே மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கும்; புதிய கடிதம் நகர வழியிராது. 1986ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்கக் கணினி வலைக்கு இதே கதிதான் நேர்ந்தது. அந்த நோயையும், அதற்குக் கண்ட மருந்தையும் இன்று காண்போம்.

கணினி ஒன்று செய்தியை முழுதாக அனுப்புவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து, எண்ணிட்டு அனுப்புகிறது. வழியில் உள்ள நிலையங்கள் அவற்றை வரிசையில் நிறுத்தி, அடுத்த நிலையத்துக்குத் தள்ளிவிடுகின்றன. வரிசையில் இடமில்லையேல் பொட்டலம் கைவிடப்படும். பொட்டலத்தைப் பெற்ற கணினி, 'கிடைத்தது' என்று ஓர் ஒப்புகை அனுப்பும். குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால், அனுப்பிய கணினி அதே பொட்டலத்தை மீண்டும் அனுப்பும். இந்த ஒழுங்குமுறைக்கு டி.சி.பி. என்று பெயர். வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974இல் இதன் அடிப்படைக் கருத்தை வெளியிட்டனர். அர்ப்பாநெட் என்னும் வலை 1983 ஜனவரி முதல் நாள் இந்த முறைக்கு மாறியது.

இந்த வேலையைச் செய்யும் கட்டளைகள், பெர்க்லி யூனிக்ஸ் என்ற இயக்கமுறையில் 'கெர்னல்' எனப்படும் உட்கருவில் இருந்தன. கணினியின் நினைவகம், வட்டு, கம்பித் தொடர்பு அனைத்தையும் ஆள்வது கெர்னலே. அதில் ஒரு குறை இருந்தால், அந்தக் கணினி வலைக்கு அனுப்பும் எல்லாச் செய்தியிலும் அது பிரதிபலிக்கும்.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் அருகருகே உள்ளன. இடைவெளி சுமார் 400 கஜந்தான். இவற்றுக்கிடையே வினாடிக்கு 32,000 பிட் அளவில் ஓடிய செய்தி, திடீரென்று 40 பிட்டாகச் சுருங்கியது. ஓர் ஆங்கில எழுத்துக்கு எட்டு பிட் என்று கொண்டால், வினாடிக்கு நாலாயிரம் எழுத்துப் போன இடத்தில் ஐந்தே எழுத்துப் போயிற்று. தட்டச்சில் தேர்ந்த ஒருவரின் விரல் வேகம் அவ்வளவு இருக்கும்!

கம்பி அறுந்துவிட்டதா? இல்லை. ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வேன் ஜேக்கப்சனும், பெர்க்லி யூனிக்ஸைப் பேணிவந்த மைக் கேரல்ஸும் கெர்னலின் டி.சி.பி. பகுதியை ஆராய்ந்தார்கள். இரண்டு பெருங்குறைகள் தென்பட்டன.

முதற்குறை, தொடக்கத்திலேயே காட்டிய அவசரம். பெறுகின்ற கணினி எத்தனை பொட்டலம் ஏற்குமோ அத்தனையையும் அனுப்பும் கணினி ஒரே மூச்சில் கொட்டியது. நடுவழி குறுகலாக இருக்குமே என்று அது எண்ணவில்லை.

இரண்டாவது குறை, காத்திருக்கும் நேரத்தைத் தவறாகக் கணித்தது. இதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு பேருந்து வழக்கமாக 29 முதல் 31 நிமிடத்துக்குள் வந்துவிடும். மற்றொன்று 10 நிமிடத்திலும் வரும், 50 நிமிடத்திலும் வரும். இரண்டுக்கும் சராசரி 30 நிமிடந்தான். ஆனால், 'இனி வராது' என்று முடிவு கட்ட இரண்டுக்கும் ஒரே நேரம் காத்திருப்பது சரியாகுமா? பழைய கெர்னல் சராசரியை மட்டும் பார்த்தது. ஏற்ற இறக்கத்தைப் பார்க்கவில்லை. நெரிசல் கூடியபோது தாமதம் தாறுமாறாகியது. வரிசையில் பத்திரமாக நின்றுகொண்டிருந்த பொட்டலத்தைத் தொலைந்ததாகக் கருதி, கணினி மறுபடியும் அனுப்பியது. நெரிசல் மேலும் கூடியது. இத்தகைய ஆபத்து வரலாம் என்று ஜான் நேகிள் என்பவர் 1984ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தார்.

மருந்தும் கெர்னலிலேயே செய்யப்பட்டது. காத்திருக்கும் நேரத்தைக் கணிக்க, சராசரியோடு ஏற்ற இறக்கமும் சேர்க்கப்பட்டது. மறுபடி அனுப்பியதும் தொலைந்தால், காத்திருப்பு இரு மடங்காகும். தொடக்கத்தில் ஒரே ஒரு பொட்டலம் போகும். ஒப்புகை வந்தால் இரண்டு, பிறகு நான்கு, பிறகு எட்டு என்று ஏறும். ஒரு பொட்டலம் தொலைந்தால், 'பாதை நிறைந்துவிட்டது' என்று பொருள் கொண்டு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். முன்பு எட்டிய அளவில் பாதிவரை விரைவாக ஏறும். அதன்பின் ஒவ்வொன்றாகவே கூட்டும். ஒரு பொட்டலம் வலையைவிட்டு வெளியேறினால்தான் புதிய பொட்டலம் உள்ளே நுழையவேண்டும் என்பதே இவற்றின் அடிப்படை விதி.

இந்தத் திருத்தங்கள் 1988இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸில் இடம்பெற்றன. அதே ஆண்டில் கட்டுரையாகவும் வெளியாயின. இன்று லினக்ஸ் கெர்னலில் வழக்கமாக இயங்கும் 'கியூபிக்' என்ற முறையும் பொட்டலம் தொலைந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையே.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்த மருந்துக்காகப் பாதையை அகலப்படுத்தவில்லை. நடுவில் காவல்காரர் எவரையும் நிறுத்தவில்லை. ஓரங்களில் இருந்த கணினிகளே தம்மை அடக்கிக்கொள்ளக் கற்றன. ஆகவே, இது ஒவ்வொருவரும் கடைப்பிடித்தால்தான் பலிக்கும். அடங்காத கணினி ஒன்று மற்றவற்றின் பங்கையும் பறித்துக்கொள்ள இயலும்.

பள்ளி விடும் மணி அடித்ததும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வாசலில் முண்டியடிப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். வாசல் அடைபட்டுப் போகும். முன்னால் நிற்பவனும் வெளியேற முடியாது. வரிசையில் நின்றால் அதே வாசல் போதுமானதாக இருக்கிறது. நம் வீட்டுக் கணினியும் கைத்தொலைபேசியும் ஒவ்வொரு வினாடியும் அவ்வாறு வரிசையில் நிற்பதால்தான், கோடிக்கணக்கானோர் ஒரே வலையைப் பகிர்ந்துகொள்ள முடிகிறது.