பட்டத்துக்கும் உண்டு வான்வெளிச் சட்டம்

லண்டனில் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகிலுள்ள பூங்கா ஒன்றில் மகனுக்குப் பட்டம் ஏற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். அங்கு வந்த காவலர் ஒருவர் நூலைச் சுற்றிவிடுமாறு பணிவாகக் கேட்டுக்கொண்டார். பட்டத்துக்குமா சட்டம் என்று அப்போது எரிச்சல் ஏற்பட்டது உண்மை.

ஆனால் சட்டம் இருக்கிறது. பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வான்போக்குவரத்து ஆணையின்படி, சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியின்றி எந்தப் பட்டமும் தரையிலிருந்து 60 மீட்டருக்கு மேல் பறக்கக் கூடாது. விமான நிலையத்தின் போக்குவரத்து வலயத்துக்குள், அது இயங்கும் நேரங்களில், எல்லை 30 மீட்டர் மட்டுமே. ஹீத்ரோ போன்ற பெரிய நிலையங்களுக்கு இந்த வலயம் ஓடுபாதையின் நடுப்புள்ளியிலிருந்து சுமார் நாலரை கிலோமீட்டர் வரை விரிகிறது. நிலையத்தின் வேலியோடு அது முடிந்துவிடுவதில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. நானும் அறிந்திருக்கவில்லை.

ஏன் 60 மீட்டர்? ஆட்களுக்கோ கட்டடங்களுக்கோ ஏறத்தாழ 150 மீட்டருக்கும் நெருக்கமாக விமானங்கள் பறக்கக் கூடாது என்பது பொதுவிதி. ஆகவே இரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி பேணப்படுகிறது. எனினும் காவல்துறை ஹெலிகாப்டர்களும் மருத்துவ ஹெலிகாப்டர்களும் இதற்கும் கீழே வர நேரிடும். லண்டனின் மருத்துவ ஹெலிகாப்டர் பூங்காக்களிலேயே தரையிறங்குவதுண்டு. பட்டமாவது விமானியின் கண்ணில் படக்கூடும். அதன் நூல் படாது. சுழலும் இறக்கைகளில் நூல் சிக்கினால் என்ன நேரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

அமெரிக்கா வேறு அளவுகோலைக் கையாள்கிறது. அங்கு முதலில் பார்க்கப்படுவது எடை. 5 பவுண்டுக்கு, அதாவது சுமார் 2.27 கிலோவுக்கு, மேற்பட்ட பட்டங்கள் 500 அடிக்கு மேலோ, விமான நிலைய எல்லையிலிருந்து 5 மைலுக்குள்ளோ பறக்கக் கூடாது. எடை குறைந்தவற்றுக்கு இந்த வரம்புகள் இல்லை. ஆனால் பிறருக்கு ஆபத்து விளைவிக்கலாகாது என்ற விதி அவற்றுக்கும் பொருந்தும். என்னைக் கேட்டால் பிரிட்டனின் முறையே தெளிவானது: வீட்டில் செய்த பட்டத்தை யார் நிறுத்துப் பார்க்கிறார்கள்?

பட்டத்தை விமானச் சட்டத்தில் சேர்த்தது விந்தையாகத் தோன்றலாம். இந்தியாவின் 1934ஆம் ஆண்டு விமானச் சட்டமோ ஒருபடி மேலே சென்று, விமானம் என்ற சொல்லின் வரைவிலக்கணத்திலேயே பட்டத்தையும் அடக்கியிருந்தது. (அதற்குப் பதிலான புதிய சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.) வரலாறு இதற்குச் சாதகமாகவே இருக்கிறது. 1908 அக்டோபரில் ஃபார்ன்பரோவில், பிரிட்டனின் முதல் இயந்திர விமானப் பறப்பை நிகழ்த்திய சாமுவேல் கோடி, அதற்கு முன்னர் மனிதரைத் தூக்கும் பட்டங்களை இராணுவத்துக்கு உருவாக்கிக் கொடுத்தவர். அந்த வலுவை நம்மவர்களும் அறிவார்கள். 2021 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பெரும் பட்டமொன்றை ஏற்றும்போது இளைஞர் ஒருவர் கயிற்றோடு மேலே இழுத்துச் செல்லப்பட்ட காட்சியை உலகெங்கும் பார்த்தார்கள்.

வல்வெட்டித்துறையின் தைப்பொங்கல் பட்டப் போட்டிபோல் ஒன்றைப் புலம்பெயர் நாட்டிலும் நடத்த விரும்புவோர் முன்கூட்டியே அனுமதி கோருவது அவசியம். அனுமதி கிடைத்தால், விமானிகளுக்கு அது குறித்து அறிவித்தல் விடுக்க முடியும்.

தனியாகப் பட்டம் ஏற்றுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று: சட்டம் அளப்பது உயரத்தை, நூலின் நீளத்தை அல்ல. 100 மீட்டர் நூல் 45 பாகைச் சாய்வில் நின்றால் உயரம் சுமார் 70 மீட்டர், விதி மீறப்பட்டுவிடும். காற்று மாறிப் பட்டம் தலைக்கு மேலே வந்தால் உயரம் இன்னும் கூடும். இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமென்று நான் இப்போது வாங்குவது 55 மீட்டர் நூல்தான். அதையும் ஹீத்ரோவுக்கு அருகில் அவிழ்ப்பதில்லை.