நோயாளிக்கு ஒரு மணி, கணினிக்கு இரண்டு மணி

2012இல் ஜாமா மருத்துவ இதழில் ஏழு வயதுச் சிறுமி வரைந்த படம் ஒன்று வெளியானது. டாக்டரிடம் போய்வந்ததைத்தான் வரைந்திருந்தாள். பரிசோதனை மேசைமேல் அவள். பக்கத்தில் அக்கா, கைக்குழந்தையுடன் அம்மா. டாக்டரோ எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இரவிலும் தொடரும் வேலை

அமெரிக்காவில் 2009இல் வந்த சட்டம், நோயாளிக் குறிப்புகளைக் கணினிக்கு மாற்றும் மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகை தந்தது. பலன் இல்லாமல் இல்லை. மருந்துச் சீட்டில் கிறுக்கல் ஒழிந்தது. ஒவ்வாமை தரும் மருந்தை எழுதினால் திரை எச்சரித்தது. ஆனால் சிகிச்சைக்கான குறிப்பேடு, காப்பீட்டு பில்லுக்கான சான்றாகவும் ஆனது. அங்கேதான் சுமை ஏறியது என்பது என் கருத்து.

57 மருத்துவர்களைக் கவனித்து 2016இல் வெளியான ஆய்வு இதை அளந்து காட்டியது. நோயாளியோடு நேரில் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், கணினிப் பதிவுக்கும் மேசை வேலைக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போனது. வீட்டுக்குப் போன பிறகும் ஒன்றிரண்டு மணி நேர வேலை. பிள்ளைகள் தூங்கியதும் மடிக்கணினியைத் திறக்கும் இந்த வேளைக்கு 'பைஜாமா டைம்' என்றே அங்குள்ள டாக்டர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

இது வெறும் களைப்பா?

ஒருநாள் நன்றாகத் தூங்கி எழுந்தால் களைப்பு தீரும். 'பர்ன்அவுட்' அப்படித் தீராது. தீராத பணி அழுத்தத்தால் வரும் இந்த நிலைக்கு உலக சுகாதார நிறுவனம் மூன்று அடையாளங்கள் சொல்கிறது: சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலைமீது வெறுப்போ விலகலோ வருவது, செய்வதில் திறன் குறைவது. டாக்டருக்கு இது வந்தால் நோயாளிக்கும் ஆபத்து. திரையில் வரும் தேவையற்ற எச்சரிக்கைகளை நாள் முழுக்கத் தள்ளிவிட்டுப் பழகிய கை, உண்மையான எச்சரிக்கையையும் தள்ளிவிடக்கூடும்.

யோகா வகுப்பு போதாது

மன உறுதிப் பயிற்சி, தியானம் என்று நிர்வாகங்கள் ஏற்பாடு செய்கின்றன. நல்லதுதான். ஆனால் சுமையை இறக்காமல் சுமப்பவரைத் தேற்றுவது தீர்வாகாது. ஹவாய் பசிபிக் ஹெல்த் மருத்துவக் குழுமம் 2017இல் ஊழியர்களிடமே கேட்டது: எந்தப் பதிவு வீண்? நோயாளியை மணிக்கொரு முறை பார்த்ததாகச் செவிலியர்கள் அழுத்திய ஒரு க்ளிக் அதில் சிக்கியது. ஒவ்வொரு முறையும் சுமார் 24 விநாடி. அதை நீக்கியதும் நான்கு மருத்துவமனைகளில் மாதம் சுமார் 1,700 செவிலியர் மணி நேரம் மிச்சமாயிற்று.

இப்போது டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுக் குறிப்பு எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் அவற்றைப் பயன்படுத்த நோயாளியின் சம்மதம் கேட்டாக வேண்டும். எழுதியதை டாக்டர் படித்துத் திருத்தியாக வேண்டும்.

உதவி கேட்கத் தயங்கும் டாக்டர்

தூக்கம் கெடுவது, எரிச்சல், வேலைக்குப் போகவே மனம் வராதது எனத் தொடர்ந்தால் மருத்துவர்களும் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவ உரிமப் படிவத்தில் மனநலச் சிகிச்சை பற்றிக் கேள்வி வருமே என்ற பயத்தில் பலர் போவதில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்தக் கேள்வியை இப்போது நீக்கியோ திருத்தியோ விட்டார்கள். மற்ற மாநிலங்களும் தாமதிக்காமல் அதைச் செய்ய வேண்டும்.