குசினியை எந்தப் பக்கம் வைப்பது?

வீடு கட்டும்போது நம் வீட்டு ஆண்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? வாசற்கதவுக்கு எந்தப் பலகை, ஹோலுக்கு என்ன தரை, முன் மதிலுக்கு என்ன வர்ணம் என்று நாள்கணக்கில் பேசுவார்கள். குசினி என்று வந்ததும், "பின்னுக்கு எங்கயாவது ஒரு பத்தி இறக்கினால் போகுது" என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். விடியப்புறம் சஹருக்கு எழும்புவதிலிருந்து இரவு கடைசிச் சட்டியைக் கவிழ்த்து வைக்கும்வரை அந்தப் 'பத்தி'யில் நிற்கப்போவது நாம்தான். ஆகவே இந்த விஷயத்தில் வாய் திறக்க வேண்டியவர்களும் நாமே.

மன்னார்ப் பெண்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். 1990 ஒக்டோபர் இறுதியில், விடுதலைப் புலிகளின் உத்தரவால், எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம், விடத்தல்தீவு, முசலிப் பகுதி என்று எல்லா ஊர்களையும் விட்டு நம் சமூகம் வெளியேறியது. தீவிலிருந்தவர்களில் மிகப் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய் இறங்கினார்கள். புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களுக்குள் மூன்று கல்லை வைத்து, கையகல இடத்தில் சமைத்துப் பிள்ளைகளை வளர்த்த உம்மாமார் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். 2002இல் சிலரும் 2009க்குப் பிறகு பலரும் ஊர் திரும்பினார்கள். ஆனால் போகும்போது ஒரு குடும்பமாகப் போனது, திரும்பும்போது மூன்று நான்கு குடும்பங்களாகியிருந்தது. வளவு மட்டும் அதே வளவுதான்.

வீட்டுத் திட்டங்களும் வந்தன. 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டக் கட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா தவணை தவணையாகக் கொடுத்து, வீட்டை அவர்களே கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அளவு சுமார் 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. கையில் காசில்லாத நேரத்தில் அது பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பத்துப் பேருக்கு உலை வைக்கும் வீட்டில் அந்தக் குசினிக்குள் ஒருத்தி திரும்பினால் மற்றவள் வெளியே வரவேண்டும். ஆகவேதான் இன்று பல வளவுகளில், உள்ளே ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு குசினிகளைக் காண்கிறோம்.

இரண்டு தேவையா, ஒன்று போதாதா? என் எண்ணம், இடம் இருந்தால் இரண்டும் தேவை என்பதே. அடுப்பில் எரியும் பொருளே இதற்கு முதற் காரணம். உள்ளே காஸ் மட்டும் வைத்துக் கட்டி, விறகடுப்பை இடித்துத் தள்ளியவர்கள் 2022இல் பட்ட பாடு மறந்திருக்காது. 12.5 கிலோ சிலிண்டர் அந்த ஏப்ரலில் 4,860 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்காமல் வெற்றுச் சிலிண்டர்களைக் கயிற்றில் கோத்து வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். அதற்கு முன், 2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்த செய்திகளைக் கேட்டு, காஸைத் திறக்கவே கை நடுங்கியது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் முக்கால் பங்குக்கும் மேற்பட்ட குடும்பங்கள் விறகில்தான் சமைத்தன. அது நாகரிகக் குறைவு என்று வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் விறகுப் புகையை லேசாக எண்ணிவிடக் கூடாது. வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு நியூமோனியா, பெரியவர்களுக்குத் தீராத மூச்சு நோய், கண்ணில் வெண்புரை என்று அதன் பட்டியல் நீளும். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு ஊதுகுழலால் ஊதும் தாய்க்கு இதை யாரும் சொல்வதில்லை.

இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் வீடு கட்டியபோது கிணறு தென்மேற்குப் பக்கம் இருந்தது. தண்ணீர் கிட்டத்தில் இருக்கட்டும் என்று விறகுக் குசினியையும் நான்தான் அங்கே வைக்கச் சொன்னேன். மழைக்காலம் முழுவதும் ஒரு குறையும் தெரியவில்லை. மே மாதம் சோழகக் காற்று தொடங்கியது பாருங்கள், அடுப்பிலிருந்து எழுந்த புகை அத்தனையும் நேரே உம்மாவின் அறைக்குள்! ஏற்கெனவே இழைப்புக்காரியான உம்மா இரவெல்லாம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். "அடுப்பை அணைச்சிரு மகள், எனக்குப் பசியில்ல" என்று அவர் சொன்ன நாள் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அடுத்த மாதமே அந்தக் குசினியைக் கழற்றினோம். நட்டம் பணத்தில் போனது, அல்ஹம்துலில்லாஹ்.

மன்னாரில் வீடு கட்டுகிறவர் முதலில் காற்றைக் கேட்க வேண்டும். நம் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட 'தம்பபவனி' மின்னிலையத்தின் 30 காற்றாலைகளும் சும்மா அங்கே வந்து நிற்கவில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோழகம். மாரி தொடங்கிய பின், தை மாசி வரை வடகிழக்கிலிருந்து வாடை. ஆண்டின் பெரும் பகுதி காற்று இந்த ஒரே கோட்டில்தான் போய் வருகிறது. ஆகவே விறகடுப்பு வீட்டின் தென்மேற்கில் இருந்தால் சோழகத்தில் புகை உள்ளே வரும். வடகிழக்கில் இருந்தால் வாடையில் வரும். மிஞ்சுவது வடமேற்கும் தென்கிழக்கும். வடமேற்கில் பின்னேர வெயில் சுவரைச் சுட்டு, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் குசினியும் அடுப்பாகிவிடும். தென்கிழக்கில் காலை வெயில் வந்து ஈரத்தைக் காயவைத்துவிட்டுப் போகும். அயலில் உள்ள இந்து மக்கள் தென்கிழக்கை அக்கினி மூலை என்று சொல்வார்கள். நமக்கு அந்தச் சாஸ்திரம் கிடையாது. ஆனால் காற்றைக் கணக்குப் பார்த்தாலும் அதே மூலைதான் வருகிறது என்பது வேடிக்கை. வளவின் அமைப்பு அதற்கு இடம் தராவிட்டால் வடமேற்கை எடுத்து, மேற்குச் சுவரோரம் ஒரு முருங்கையோ வேம்போ நட்டுக்கொள்ளுங்கள்.

வெளிக் குசினியை வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது? இங்கே ஒரு சின்னக் கணக்கு. 25 அடி தூரத்தில் வைத்தால் ஒரு தடவை போய் வர 50 அடி. நாளொன்றுக்கு 20 தடவை போனால் 1,000 அடி. மாதத்துக்கு 30,000 அடி, அதாவது ஒன்பது கிலோமீற்றருக்கும் மேல். மூன்று மாதத்தில் மன்னார் நகரிலிருந்து தலைமன்னாருக்குக் கிட்டத்தட்ட நடந்தே போய்விடுவீர்கள், அதுவும் கையில் சூடான சட்டியோடு! ஆகவே எட்டு, பத்தடிக்குள் வைத்து, இடையில் நனையாமல் போக ஒரு தகரக் கூரை போடுவது நல்லது. கிடுகோ பனையோலையோ வேண்டாம். சோழகத்தில் ஒரு பொறி பறந்தால் போதும். உறங்கப் போகுமுன் வீட்டில் நெருப்பை அணைத்துவிடும்படி நபிகளார் (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை ஓலைக் கூரையின் கீழ் சமைத்தவர்களைப்போல் உணர்ந்தவர்கள் யாரும் இருக்க முடியாது.

அடுப்பைத் தரையில் வைக்காதீர்கள். இரண்டடி, இரண்டேகாலடி உயரத்தில் மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். குனிந்து ஊதும்போது முகம் நேரே புகைக்குள் போகிறது. நின்று சமைத்தால் தலை அதற்கு வெளியே இருக்கும். முழங்காலும் தப்பும். நம் நாட்டிலேயே 1980களில் உருவாக்கிய 'அனகி' மண் அடுப்பு ஒன்றில் ஒரே நெருப்பில் இரண்டு சட்டி வைக்கலாம். மூன்று கல்லைவிட விறகு குறைவாகவே கேட்கும். அதை மேடையில் பதித்துக் களிமண் பூசினால் வெகுகாலம் உழைக்கும். புகைக்கூடு கட்டுவதானால் கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து மூன்றடியாவது உயர்த்துங்கள். கட்டையான கூட்டுக்குள் காற்று திருப்பி ஊதி, புகையை உங்களிடமே அனுப்பிவிடும். வசதியில்லாதவர்கள் கூரைக்குக் கீழே எதிரெதிர்ச் சுவர்களில் சீமெந்துப் பூக்கல் வைத்தாலும் பெரும் பங்கு புகை போய்விடும்.

இனி உள் குசினி. மேலைநாடுகளில் இதைப் பெரிய படிப்பாகவே படித்திருக்கிறார்கள். 1926இல் ஜேர்மனியின் பிராங்க்பர்ட் நகருக்காக மார்கரெட்டே ஷூட்டே லிஹொட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் 1.9 மீற்றர் அகலம், 3.4 மீற்றர் நீளத்தில் ஒரு குசினியை வரைந்தார். ரயில்வண்டியின் சமையல் பெட்டியைப் பார்த்து, நின்ற இடத்திலிருந்து எல்லாம் கைக்கு எட்டும்படி செய்தார். பின்னர் 1940களில் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சாமான் வைக்குமிடம் மூன்றையும் ஒரு முக்கோணமாகப் பார்த்து, அதன் மூன்று பக்கங்களும் சேர்ந்து 26 அடியைத் தாண்டக்கூடாது என்றார்கள். நல்ல யோசனைகள்தான். ஆனால் இரண்டுமே ஒருத்தி தனியாக நின்று சமைப்பதாக நினைத்துச் செய்தவை. நம் வீட்டில் அப்படியா? மருமகள் கறி கிண்டுவாள், மாமி இடியாப்பம் பிழிவார், ராத்தா தேங்காய் துருவுவார், நடுவில் ஒரு பிள்ளை தவழும்.

எட்டடிக்கு எட்டடி குசினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேடை இரண்டடி அகலம். எதிரெதிராக இரண்டு சுவரில் மேடை கட்டினால் நடுவே நாலடி ஓடைதான் மிஞ்சும். இரண்டு பேர் முதுகோடு முதுகு உரசியபடி நிற்கலாம். திருவலையைப் போட்டு உட்கார இடமில்லை. மூன்று சுவரிலும் கட்டினால் தட்டுமுட்டு வைக்க இடம் அதிகம், தரை இன்னும் குறைவு. ஒரே சுவரில் கட்டினால் தரை தாராளம், ஆனால் வெட்டவும் வைக்கவும் போதாது. அடுத்தடுத்த இரண்டு சுவர்களில் 'ட' வடிவில் கட்டினால் நடுவே ஆறடிக்கு ஆறடி தரை கிடைக்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான். நம் சமையலில் பாதி வேலை உட்கார்ந்து செய்வது என்பதை மேசன் பாஸ்மாருக்குச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டும்.

மேடையின் உயரத்துக்கு அவர்கள் வாய்ப்பாடாக ஒன்று சொல்வார்கள், மூன்றடி என்று. நீங்கள் நேராக நின்று முழங்கையை மடக்கிப் பாருங்கள். முழங்கைக்கு நான்கு அங்குலம் கீழே இருந்தால் வெட்டத் தோள் வலிக்காது. ஐந்தடி உயரமான பெண்ணுக்கு மூன்றடி மேடை கொஞ்சம் உயரம்தான். காஸ் அடுப்பு வைக்கும் பகுதியை இன்னும் சற்றுத் தாழ்த்தினால் பெரிய சட்டியைக் கிண்டும்போது சுகம்.

சிலிண்டரைச் சுவருக்கு வெளியே, நிழலில் நிறுத்தி, குழாயை உள்ளே எடுப்பது நல்லது. சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது; கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். எனவே மேல் சன்னல் மட்டும் போதாது. கதவடியிலோ சுவரின் அடியிலோ காற்றுப் போக வழி வேண்டும். விறகடுப்பும் சிலிண்டரும் ஒரே அறையில் இருக்கவே கூடாது.

பென்ட்ரி கபட் போட ஆசைப்படும் சகோதரிகளுக்கு ஒரு சொல். கொழும்பில் பார்த்த அழுத்தப் பலகை அலுமாரி நம் கடற்கரை ஈரத்தில் வெகு சீக்கிரம் ஊதிவிடும். இரும்புக் கீல் துருவேறும். சீமெந்துத் தட்டு அடித்து ஓடு ஒட்டினால் பேரப்பிள்ளை காலம்வரை கிடக்கும். அதற்குக் கடல் மணல் கலக்காமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு உள்ளே போனால் கம்பி துருவேறித் தட்டு வெடிக்கும்.

கதவு விஷயத்தை விட்டுவிட்டேனே! சிறிய வீடுகளில் குசினிக் கதவு நேரே ஹோலைப் பார்த்துத் திறக்கிறது. முன்னால் அந்நிய ஆண்கள் வந்து உட்கார்ந்துவிட்டால், அவர்கள் எழும்பும்வரை நாம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்க வேண்டும். கதவை அறைகள் பக்கமாகத் திருப்பி, ஹோல் சுவரில் தட்டம் போகுமளவுக்கு ஒரு சின்னச் சன்னல் விடுங்கள். தேநீர் அதன்வழியே போகட்டும். பின்பக்கம் வளவுக்குத் திறக்கும் கதவு கட்டாயம் வேண்டும். அயல் பெண்கள் வருவதும், கறி மாறுவதும், நாலு வார்த்தை பேசுவதும் அந்த வழியாகத்தானே! அதற்குக் கீழ்ப்பாதி தனியாகப் பூட்டும் இரட்டைக் கதவு போட்டால், மன்னார்க் கழுதைகள் தலையை மட்டும் நீட்டிவிட்டுப் போய்விடும்.

எதை எங்கே சமைப்பது என்பதும் தானாகப் பிரியும். சஹர், குழந்தையின் பால், அவசரத் தேநீர் எல்லாம் உள்ளே காஸில். மூன்று மணி இருட்டில் வெளியே போக வேண்டியதில்லை. மத்தியானச் சோறு, நோன்புக் கஞ்சி, சஹனுக்கு ஆக்கும் பெரிய சட்டி வெளியே. மீன் வெட்டும் கல்லும் வெளியே, குழாயடிக்குப் பக்கத்தில், கழுவிய தண்ணீர் வாழையடிக்கு ஓடும்படி. விறகைத் தரையில் அடுக்காமல் ஓரடி உயரத்தில் பரண் கட்டி, மாரிக்கு முன்பே அடுக்கிவிடுங்கள். தேளும் பாம்பும் குறையும், ஈர விறகின் புகையும் குறையும்.

அத்திவாரம் வெட்டும் முன்பு ஒரு நாள் பின்னேரம் கயிறும் நாலு முளையும் எடுத்துக்கொண்டு வளவுக்குப் போங்கள். குசினியின் அளவைத் தரையில் கட்டி, அடுப்பு இருக்கும் இடத்தில் ஒரு கல்லையும் தொட்டி இருக்கும் இடத்தில் ஒரு வாளியையும் வையுங்கள். வீட்டிலுள்ள பெண்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு உள்ளே நிறுத்துங்கள். உங்கள் உம்மாவுக்கோ மாமிக்கோ ஒரு பலகையைப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். கொஞ்சம் காய்ந்த ஓலையைக் கொளுத்தி, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பிறகு மேசன் பாஸைக் கூப்பிடலாம்.