எழுதப்படும் முட்டைகள்: உக்ரைன் நாட்டின் பிசன்கா மரபு

ஒவ்வோர் ஆண்டும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் நாட்டுப் பேரங்காடிகளுக்குள் நுழைந்தால், பளபளக்கும் வண்ணத்தாளில் சுற்றப்பட்ட சாக்லேட் முட்டைகள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஈஸ்டர் முட்டை என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அதுதான். ஆனால், இந்த வணிகப் பொருளுக்குப் பின்னால் பல நூற்றாண்டு வரலாறு கொண்ட ஒரு நாட்டார் மரபு இருக்கிறது. முட்டைக்கும் உயிர்ப்புப் பெருநாளுக்கும் என்ன தொடர்பு? முட்டை ஓட்டின் மேல் கோடுகள் வரைவதற்காக ஒரு சமூகம் ஏன் இரவெல்லாம் கண்விழித்தது? இவ்வினாக்களுக்கு விடை தேட உக்ரைன் நாட்டின் 'பிசன்கா' மரபைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முட்டை ஏன் வந்தது?

முதற்காரணம் மிக எளியது. உயிர்ப்பு ஞாயிறுக்கு முன்பு கிறிஸ்துவர்கள் கடைப்பிடிக்கும் தவக்காலத்தில் இறைச்சியுடன் முட்டை, பால், வெண்ணெய் ஆகியவற்றையும் விலக்குவது பழைய வழக்கம். கீழைத் திருச்சபைகளில் இது இன்றும் தொடர்கிறது. மனிதர்கள் நோன்பு இருக்கலாம், கோழிகள் இருப்பதில்லையே! குளிர்காலத்தில் முட்டையிடுவதைக் குறைத்துக்கொண்ட கோழிகள், பகல் நீளத் தொடங்கும் இளவேனிலில்தான் மீண்டும் நிறைய முட்டையிடும். ஆகவே, நோன்பு முடியும் நாளில் வீட்டில் முட்டைகள் குவிந்து கிடக்கும். நோன்பு திறக்கும் உணவாக முட்டையே முதலிடம் பெற்றது.

இரண்டாவது காரணம் குறியீடு சார்ந்தது. அசைவற்ற கல்லைப் போலத் தோன்றும் ஒரு பொருளை உடைத்துக்கொண்டு உயிர் வெளிவருகிறது. மூடிய கல்லறையிலிருந்து இயேசு உயிர்த்தெழுந்தார் என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேறு எது? கிறிஸ்துவம் வருவதற்கு முன்பே முட்டையைப் புத்துயிரின் அடையாளமாகப் போற்றிய மக்கள், புதிய சமயத்திற்குள்ளும் அதை எடுத்துச் சென்றனர் என்பது நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

தீட்டுவதா, எழுதுவதா?

உக்ரைனிய மொழியில் 'பிசாத்தி' என்றால் 'எழுதுதல்' என்று பொருள். அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததே 'பிசன்கா'. அதாவது, அம்மக்களைப் பொறுத்தவரை முட்டையின் மேல் யாரும் படம் வரைவதில்லை, எழுதுகிறார்கள். எழுதப்பட்டதால் அதைப் படிக்கவும் முடியும் என்பது இச்சொல்லுக்குள் அடங்கிய குறிப்பு.

எல்லா வண்ண முட்டைகளும் பிசன்கா ஆகிவிடுவதில்லை. அவித்து ஒரே நிறத்தில் சாயமேற்றிய முட்டைக்குக் 'கிராஷன்கா' என்று பெயர். அது உண்பதற்குரியது. சாயமேற்றிய ஓட்டைக் கூரிய முனையால் சுரண்டிக் கோலமிட்டால் அது 'திரியாபன்கா'. உருகிய மெழுகைப் புள்ளி புள்ளியாக இட்டுச் செய்வது 'கிராபன்கா'. பிசன்காவோ பச்சை முட்டையில் செய்யப்படுவது. அது உண்பதற்காக அன்று, காத்து வைப்பதற்கும் அன்பளிப்பாகத் தருவதற்கும் உரியது.

மெழுகும் சாயமும்

மலேசியர்களாகிய நமக்கு இதன் செய்முறை அந்நியமானதன்று. கிளந்தானிலும் திரங்கானுவிலும் பாத்திக் துணி செய்வோரைப் பார்த்தவர்கள், சாந்திங் என்ற சிறு கருவியால் உருகிய மெழுகைத் துணியில் ஓடவிடுவதைக் கவனித்திருப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிசன்காவின் அடிப்படையும் இதுவே. துணிக்குப் பதிலாக முட்டை ஓடு; சாந்திங்கிற்குப் பதிலாகக் 'கிஸ்ட்கா'. மரக்குச்சியின் நுனியில் செம்பு அல்லது பித்தளைத் தகட்டாலான சிறு கூம்பைப் பொருத்தினால் கிஸ்ட்கா தயார். கூம்பை மெழுகுவத்திச் சுடரில் சூடேற்றி, தேன்மெழுகில் அழுத்தி எடுத்தால், உருகிய மெழுகு நுண்ணிய துளை வழியே மைபோல இறங்கும்.

இனிதான் பொறுமைக்குச் சோதனை. இறுதியில் எங்கெல்லாம் வெள்ளை நிறம் இருக்க வேண்டுமோ, அங்கெல்லாம் முதலில் மெழுகால் எழுத வேண்டும். பிறகு முட்டையை மஞ்சள் சாயத்தில் மூழ்க வைக்க வேண்டும். உலர்ந்த பின், மஞ்சளாக நிற்க வேண்டிய இடங்களை மெழுகால் மூட வேண்டும். அடுத்து செம்மஞ்சள், அதன்பின் சிவப்பு, கடைசியில் கறுப்பு என்று வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்தை நோக்கிச் செல்வதே முறை. பச்சை நிறம் இந்த வரிசையில் அடங்காததால், அதை வேண்டிய இடத்தில் மட்டும் தொட்டு வைப்பார்கள். எல்லாம் முடியும் வேளையில் கையில் இருப்பது மெழுகு அப்பிய ஒரு கரிய உருண்டைதான்! அதைச் சுடரின் பக்கவாட்டில் காட்டி, உருகும் மெழுகைத் துணியால் துடைக்கத் துடைக்க, அடியில் மறைந்திருந்த வண்ணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும். எழுதியவருக்கே அப்போதுதான் தம் வேலை முழுமையாகத் தெரியும்.

பழங்காலத்தில் சாயங்கள் தோட்டத்திலிருந்தும் காட்டிலிருந்தும் வந்தன. வெங்காயச் சருகு பொன்னிறம் தந்தது. ஓக் மரப்பட்டையும் அக்ரூட் காயின் தோலும் பழுப்பு, கறுப்பு நிறங்களுக்குப் பயன்பட்டன. பின்னர் இரசாயனச் சாயங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

பச்சை முட்டை அழுகிவிடாதா என்று கேட்கலாம். முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே உள்ளிருக்கும் நீர் மெல்ல மெல்ல ஆவியாகி, சில ஆண்டுகளில் கரு காய்ந்து சிறு உருண்டையாகிவிடும். காற்றோட்டமில்லாத இடத்திலோ வெயிலிலோ வைத்தால் உள்ளே வாயு பெருகி முட்டை வெடித்துவிடும் அபாயமும் உண்டு. அதனால் இன்று பலர் துளையிட்டு உட்கருவை வெளியேற்றிவிடுகின்றனர்.

கோடுகள் சொல்லும் செய்தி

பிசன்காவில் காணப்படும் உருவங்கள் உழவர் வாழ்க்கையிலிருந்து பிறந்தவை. எட்டு முனை நட்சத்திரம் சூரியனைக் குறிக்கும். கோதுமைக் கதிர் விளைச்சலையும், சேவலும் கோழியும் வளத்தையும் வேண்டுபவை. முட்டையைச் சுற்றித் தொடக்கமும் முடிவும் இல்லாமல் ஓடும் அலைக்கோடு முடிவிலியைக் குறிக்கும். இரு கைகளையும் உயர்த்தி நிற்கும் பெண்ணுருவத்தைப் பழைய தாய்த்தெய்வத்தின் எச்சம் என்பர். முட்டை முழுவதையும் 40 முக்கோணங்களாகப் பிரிக்கும் வடிவமும் உண்டு. அந்த 40 தவக்காலத்தின் நாள்களைக் குறிப்பதாகக் கிறிஸ்துவ விளக்கம் கூறுகிறது. ஒரே உருவத்திற்குப் பழைய பொருளும் புதிய பொருளும் அடுத்தடுத்து அமைந்திருப்பதை இங்கே காணலாம். மீன், சிலுவை ஆகியவையும் அவ்வாறே.

வட்டாரத்திற்கு வட்டாரம் நடையும் மாறும். கார்பேத்திய மலையில் வாழும் ஹுத்சுல் மக்களின் கோஸ்மச் கிராமத்துப் பிசன்காக்கள் மஞ்சளும் செம்மஞ்சளும் ஒளிர, மயிரிழை போன்ற கோடுகளால் நெருக்கமாக நிரம்பியிருக்கும். லெம்கோ மக்களோ குண்டூசித் தலையால் மெழுகைத் தொட்டு இழுத்து, கண்ணீர்த்துளி வடிவங்களால் பூக்களை அமைப்பர். முட்டையைப் பார்த்தே அது எந்த ஊருக்குரியது என்று சொல்லிவிடும் திறன் முதியோரிடம் இருந்தது.

யார் எழுதினர்? யாருக்குத் தந்தனர்?

பிசன்கா எழுதுவது பெண்களின் பணி. தவக்காலத்து இரவுகளில், குழந்தைகள் உறங்கிய பிறகு, தாயும் மகள்களும் அடுப்படியில் அமர்ந்து எழுதுவர். குடும்பத்திற்குரிய வடிவங்கள் தாயிடமிருந்து மகளுக்கு மட்டுமே சென்றன. எழுதி முடித்த முட்டைகளை உயிர்ப்பு ஞாயிறன்று இனிப்பு ரொட்டி, உப்பு, வெண்ணெய், இறைச்சி ஆகியவற்றுடன் ஒரு கூடையில் வைத்து, பூவேலை செய்த துணியால் மூடித் தேவாலயத்திற்குக் கொண்டு சென்று ஆசிபெறச் செய்வர். பின்னர் அவை குழந்தைகளுக்கும் உறவினருக்கும், மனத்துக்கு இனியவருக்கும் அன்பளிப்பாகும். சிலவற்றை மாட்டுத் தொழுவத்திலும் தேன்கூட்டின் அடியிலும் வைப்பர். இறந்த குழந்தைகளின் கல்லறையில் வைக்கப்பட்டவையும் உண்டு.

ஆற்றில் மிதந்த ஓடுகள்

இம்மரபின் ஒரு கிளை வியப்பூட்டும் வகையில் இந்தியாவைத் தொடுகிறது. உயிர்ப்புப் பெருநாளில் உண்ட முட்டைகளின் ஓடுகளைக் குப்பையில் போடாமல் ஓடும் ஆற்றில் விடுவது உக்ரைனிய வழக்கம். கடலுக்கு அப்பால் 'ரக்மானி' என்ற புண்ணியவான்கள் வாழ்கிறார்களாம். அவர்களிடம் நாட்காட்டி இல்லை. ஓடுகள் மிதந்து வந்து சேர்ந்த பிறகே பெருநாள் வந்துவிட்டதை அறிந்து அவர்கள் கொண்டாடுவார்களாம். உயிர்ப்பு ஞாயிறிலிருந்து 25ஆம் நாளான புதன்கிழமைக்கு 'ரக்மானியரின் பெருநாள்' என்றே பெயர்.

யார் இந்த ரக்மானியர்? 'பிராமணர்' என்ற சொல்லின் திரிபே அது. மாமன்னர் அலெக்சாண்டர் இந்தியாவில் துறவிகளைச் சந்தித்ததாகக் கூறும் கிரேக்கக் கதைகள் நடுக்காலத்தில் ஸ்லாவிய மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டன. ஆசையற்ற அந்த இந்திய ஞானிகள் ஏட்டிலிருந்து இறங்கி, உக்ரைனிய உழவரின் வாய்மொழிக் கதைக்குள் குடியேறிவிட்டனர்! நூல்வழி மரபும் வாய்மொழி மரபும் ஒன்றையொன்று எப்படி ஊட்டி வளர்க்கின்றன என்பதற்கு இது நல்ல சான்று.

அழிவின் விளிம்பில்

முட்டை ஓடு எளிதில் நொறுங்கும். அதனால் பழைய பிசன்காக்கள் மிக அரிதாகவே கிடைத்துள்ளன. லிவீவ் நகரில் 2013இல் நடந்த அகழாய்வில் கிடைத்த வாத்தின முட்டை ஒன்று 15 அல்லது 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கணிக்கப்பட்டது. இன்று அறியப்பட்ட மிகப் பழைய பிசன்காக்களுள் அது ஒன்று.

பொருளைப் போலவே மரபும் நொறுங்கக்கூடியது. சோவியத் ஆட்சி சமய வழக்கங்களை ஒடுக்கியபோது பிசன்காவும் தப்பவில்லை. 1932, 1933ஆம் ஆண்டுகளில் ஏற்பட்ட பெரும் பஞ்சத்தில் உக்ரைனியக் கிராமங்களில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். வடிவங்களை மனத்தில் வைத்திருந்த பாட்டிமார்களும் அவர்களுள் அடக்கம். எழுதுவோர் இல்லாத ஊர்களில் எழுத்தும் மறைந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை சோவியத் ஆட்சிக்குள் வராத மேற்கு மலைப்பகுதிகளில்தான் மரபு ஓரளவு உயிரோடு இருந்தது.

அதை மீட்க இரண்டு வழிகள் உதவின. முதலாவது, ஆவணம். லுப்னி நகருக்கருகே கத்தெரீனா ஸ்கார்ஜின்ஸ்கா என்ற பெண்மணி தனியார் அருங்காட்சியகம் ஒன்றை அமைத்து 2,000க்கும் மேற்பட்ட பிசன்காக்களைத் திரட்டினார். அவற்றைப் படங்களுடன் விவரிக்கும் நூலைக் குல்ஜின்ஸ்கி 1899இல் வெளியிட்டார். முட்டைகள் உடைந்தாலும் அவற்றின் வடிவங்கள் ஏட்டில் நிலைத்தன. கிராமங்கள் மறந்துவிட்ட வடிவங்களைப் பிற்காலத் தலைமுறையினர் அந்நூலிலிருந்து மீண்டும் கற்றனர்.

இரண்டாவது, புலம்பெயர்ந்தோர். 1891 முதல் கனடாவில் குடியேறத் தொடங்கிய உக்ரைனியர், கையோடு கிஸ்ட்காவையும் கொண்டு சென்றனர். தாயகத்தில் தடைப்பட்ட வழக்கம் அந்நிய மண்ணில் தேவாலயக் கூடங்களிலும் வார இறுதி வகுப்புகளிலும் தழைத்தது. அல்பெர்ட்டா மாநிலத்தின் வெக்ரிவில் ஊரில் 1975இல் ஏறத்தாழ 9 மீட்டர் உயரமுள்ள உலோகப் பிசன்கா நிறுவப்பட்டது. அதை வடிவமைத்த ரொனால்டு ரெஷ், முட்டையின் வளைவைத் தட்டையான தகடுகளால் அமைப்பதற்குக் கணினியின் துணையை நாடினார். பாட்டியின் கைவேலை, பேரனின் காலத்தில் கணிதச் சிக்கலாகவும் ஆயிற்று!

1991இல் உக்ரைன் விடுதலை பெற்றதும் மரபு வெளிப்படையாகத் திரும்பியது. கொலோமியா நகரில் 2000ஆம் ஆண்டு முட்டை வடிவிலேயே கட்டப்பட்ட பிசன்கா அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2022இல் முழு அளவிலான போர் மூண்ட பின்னரும் பிசன்கா எழுதுவது நிற்கவில்லை. 2024 டிசம்பரில் உக்ரைனும் எஸ்தோனியாவும் இணைந்து முன்வைத்த விண்ணப்பத்தை ஏற்று, யுனெஸ்கோ இதை மனித குலத்தின் தொட்டறிய இயலாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

சங்கிலியை இறுக்கும் கைகள்

ஹுத்சுல் மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. உலகை விழுங்கத் துடிக்கும் தீய பாம்பு ஒன்று பாறையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் அது தன் ஏவலர்களை அனுப்பி, எத்தனை பிசன்காக்கள் எழுதப்பட்டன என்று கணக்கெடுக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் சங்கிலி தளரும், மிகுந்தால் இறுகும்.

சமயக் கதை என்று இதைக் கடந்துவிடலாம். ஆனால், பண்பாட்டைப் பற்றிய கூர்மையான அறிவு இதற்குள் இருக்கிறது. பாம்பு அருங்காட்சியகங்களை எண்ணுவதில்லை, பழம்பெருமைகளையும் எண்ணுவதில்லை. இந்த ஆண்டு எத்தனை பேர் அமர்ந்து எழுதினார்கள் என்பதை மட்டுமே எண்ணுகிறது. தாயகத்தைவிட்டு நெடுந்தொலைவில், மூன்று நான்கு தலைமுறைகளாகத் தமிழ் பேசியும் எழுதியும் வரும் நமக்கு இக்கணக்கு புரியாததன்று. நம் வீட்டு மூத்தோரிடம் இருக்கும் கைவேலையோ பாட்டோ சமையலோ எதுவாயினும், ஆவணப்படுத்துவது ஒரு கடமை. கற்றுக்கொண்டு செய்து பார்ப்பது மற்றொன்று. உக்ரைனியருக்கு இரண்டும் தேவைப்பட்டன. குல்ஜின்ஸ்கியின் நூல் இல்லாவிட்டால் பல வடிவங்கள் திரும்பியிருக்கா. கனடாவில் வார இறுதிதோறும் மெழுகுவத்தி ஏற்றிய கைகள் இல்லாவிட்டால், அந்நூலைப் பார்த்து எழுதத் தெரிந்தவர்கள் குறைந்திருப்பர்.

அடுத்த முறை பேரங்காடியில் சாக்லேட் முட்டையைக் காணும்போது, இரவு விளக்கொளியில் கரிய மெழுகைத் துடைத்து வண்ணங்களை வெளிக்கொணர்ந்த அந்தப் பெண்களையும் ஒரு கணம் நினைப்போம்.